பொன்னும் ஒளியும்: தஞ்சையின் தங்க ரேக்கு முதல் ஒளிவெப்ப மருத்துவம் வரை

ஒளியால் தூண்டப்படும் தங்க நானோ பொருட்கள் என்பவை, குறிப்பிட்ட நிற ஒளி படும்போது வெப்பத்தை அல்லது வினைத்திறன் மிகுந்த ஆக்சிசனை உண்டாக்கும் மிக நுண்ணிய தங்கத் துகள்கள் ஆகும். இவ்வாறு உண்டாகும் வெப்பமும் ஆக்சிசனும் அருகிலுள்ள புற்றுநோய் உயிரணுக்களையும் பாக்டீரியாக்களையும் அழிக்கின்றன. இத்துறை இன்றைய வடிவில் 2003-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது. ஆனால் பொன்னை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் பல நூற்றாண்டுகள் பழமையானது. காவிரிப் படுகையில் அவ்வழக்கம் சித்த மருத்துவம் வழியாகவும், தரங்கம்பாடிக் கடற்கரைக்கு வந்த ஐரோப்பியர் வழியாகவும் அறியப்பட்டிருந்தது. பொன்னின் ஆற்றல் அந்த உலோகத்திலேயே உறைகிறது என்ற நம்பிக்கை, துகளின் அளவு, வடிவம், அதன்மேல் விழும் ஒளி ஆகியவற்றைச் சார்ந்தது அந்த ஆற்றல் என்ற அறிவாக மாறிய வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

காவிரிப் படுகையில் பொன்

தஞ்சாவூர் நாட்டில் தங்கச் சுரங்கம் இல்லை. நெல் விளைச்சலும் கடல் வணிகமும் போர் வெற்றிகளும் பொன்னை அங்கே கொண்டுவந்து சேர்த்தன. 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற இராசராசேச்சுரத்தின் கல்வெட்டுகள், கோயிலுக்கு வந்த பொன்னை நிறை தவறாமல் பதிவு செய்கின்றன. விமானத்தின் உச்சியில் வைக்க முதலாம் இராசராசன் அளித்த செப்புக் குடத்தின் நிறை 3083 பலம் என்றும், அதன்மேல் போர்த்திய பொன் தகட்டின் நிறை 2926½ கழஞ்சு என்றும் கல்வெட்டு கூறுகிறது. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்ற பெயருடைய எடைக்கல் பயன்பட்டது. மணிகளை நிறுக்க ‘தட்சிணமேரு விடங்கன்’ என்ற வேறோர் எடைக்கல் இருந்தது. யார் கொடுத்தது, எவ்வளவு, எந்தக் கல்லால் நிறுத்தது என்பதை எழுதி வைத்தால்தான் கொடை கணக்கில் ஏறும்.

மராத்திய மன்னர் காலத்தில் செழித்த தஞ்சாவூர் ஓவியம் பொன்னின் வேறொரு பயன்பாட்டைக் காட்டுகிறது. பலகையில் துணி ஒட்டி, சுக்கான் பொடியும் பசையும் கலந்த குழம்பால் புடைப்பு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டுவர். ரேக்கு என்பது தட்டித் தட்டி மிக மெல்லியதாக்கப்பட்ட பொன் இதழ். சித்த மருத்துவர்களின் தங்க மருந்துகளுக்கும் இதே ரேக்குதான் மூலப்பொருள். ஓவியர் ரேக்கின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியைப் பயன்படுத்தினார். அதே ரேக்கு ஒளியை ஊடுருவ விட்டால் என்ன நிறம் தெரியும் என்ற கேள்வியிலிருந்துதான் பின்னாளில் லண்டனில் ஒரு புதிய அறிவியல் பிறந்தது.

பற்பமும் செந்தூரமும்

சித்த மருத்துவத்தில் பொன் ‘தங்க பற்பம்’, ‘தங்க செந்தூரம்’ என்ற வடிவங்களில் உள்மருந்தாகிறது. ரேக்கை முதலில் சுத்தி செய்வர். பின்னர் மூலிகைச் சாறு விட்டுக் கல்வத்தில் அரைத்து, வில்லை தட்டி உலர்த்துவர். வில்லைகளை அகலில் இட்டு மற்றோர் அகலால் மூடி, இடைவெளியைச் சீலைமண் கொண்டு அடைத்து, வறட்டி அடுக்கிப் புடமிடுவர். அரைப்பதும் புடமிடுவதும் பலமுறை தொடரும். முடிவில் உலோகம் தூளாகிறது. ஆயுர்வேதத்தின் ஸ்வர்ண பஸ்மமும் ஏறத்தாழ இதே வழியில் உருவாவது.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) இத்தகைய மருத்துவ அறிவைத் தொகுப்பதில் ஈடுபாடு கொண்டவர். அவர் அமைத்த தன்வந்திரி மகால் மருந்து செய்யும் இடமாகவும் ஆய்விடமாகவும் விளங்கியது. சரபேந்திர வைத்திய முறைகள் என்ற தமிழ்த் தொகுப்பு அம்முயற்சியின் விளைவு. அதனைச் சரசுவதி மகால் நூலகம் பின்னர் நூல்களாக வெளியிட்டது. சரபோஜியின் காலத்தில் கண் நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சை பற்றிய குறிப்புகளும் அந்நூலகத்தில் உள்ளன. நோயாளி எந்நிலையில் வந்தார், என்ன செய்யப்பட்டது, பின்னர் என்ன ஆயிற்று என்று எழுதி வைக்கும் அம்முறை, மருத்துவத்தை அளந்து பார்க்கும் வழக்கத்தின் தொடக்க நிலை எனலாம்.

ஸ்வர்ண பஸ்மத்தை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, அதில் ஏறத்தாழ 57 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் இருப்பதாகத் தெரிவித்தது. இதன் அடிப்படையில், நானோ தொழில்நுட்பம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது என்று கூறுவோர் உள்ளனர். பலமுறை அரைத்துப் புடமிடும் முறை நுண்துகளை உருவாக்கியது என்பது அந்த ஆய்வு காட்டும் உண்மை. துகள் நுண்ணியது என்பதால் அது ஒரு நோயைத் தீர்க்கும் என்று ஆகிவிடாது. பற்பம் ஒளியோடு சேர்த்துத் தரப்படும் மருந்தும் அன்று. ஆகவே இன்றைய ஒளிவெப்பச் சிகிச்சையைப் பற்பத்தின் தொடர்ச்சியாகக் கொள்வது பொருந்தாது. இரண்டுக்கும் பொதுவானது மூலப்பொருள் மட்டுமே.

தரங்கம்பாடியும் ஹாலே நகரும்

காவிரி கடலில் கலக்கும் கரையில் உள்ள தரங்கம்பாடியில் டென்மார்க்கு நாட்டினர் 1620-இல் கோட்டை கட்டினர். 9 சூலை 1706 அன்று சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கு வந்திறங்கினர். அவர்களை உருவாக்கிய செருமானியச் சமயச் சூழலின் மையம் ஹாலே நகரில் பிராங்கே நிறுவிய அனாதை இல்லம். அந்த இல்லத்தை நடத்தும் வருவாயில் கணிசமான பகுதி அதன் மருந்துசாலையிலிருந்து வந்தது. அம்மருந்துசாலையின் மிகப் புகழ்பெற்ற மருந்து ‘எசென்சியா டல்சிஸ்’ என்னும் தங்கச் சாறு. ஹாலே மருந்துகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையாயின. தரங்கம்பாடி மிஷனுக்கும் அங்கிருந்து மருந்துகள் கப்பலேறின.

ஹாலேயில் பயின்று 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்சு பாதிரியாரே இளம் சரபோஜிக்குக் காப்பாளராகவும் வழிகாட்டியாகவும் இருந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை வைத்தியரும் ஹாலே மருந்தாளரும் ஒருவரையொருவர் அறியாமலேயே பொன்னைப் பற்றி ஒத்த கருத்துக் கொண்டிருந்தனர். துருப்பிடிக்காத, அழியாத உலோகம் உடலையும் அழியாமல் காக்கும் என்பதே அக்கருத்து.

ஃபாரடே கண்ட செந்நிறத் திரவம்

1857-இல் மைக்கேல் ஃபாரடே தங்கத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவு குறித்து லண்டன் அரச கழகத்தில் உரை நிகழ்த்தினார். மெல்லிய பொன் ரேக்கின் வழியே பார்த்தால் ஒளி பச்சையாகத் தெரிவதை அவர் காட்டினார். தங்கக் குளோரைடுக் கரைசலைப் பாஸ்பரசால் வினைப்படுத்தியபோது மாணிக்கச் சிவப்பு நிறத் திரவம் ஒன்று கிடைத்தது. அதில் இருப்பது கரைந்த பொருளல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய உலோகத் தங்கமே என்று அவர் முடிவு செய்தார். அவர் தயாரித்த திரவங்களில் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் நிறம் மாறாமல் உள்ளன.

ஒரே தங்கம் நகையில் மஞ்சளாகவும், ரேக்கின் ஊடே பச்சையாகவும், கூழ்மத்தில் சிவப்பாகவும் தோன்றக் காரணம் என்ன என்பதை 1908-இல் குஸ்டாவ் மீ கணித வழியில் விளக்கினார். 1912-இல் ரிச்சர்டு கான்ஸ் அக்கணிதத்தைக் கோளவடிவம் அல்லாத துகள்களுக்கும் விரித்து, வடிவம் மாறினால் நிறமும் மாறும் என்று காட்டினார். கூழ்ம ஆய்வுகளுக்காக ரிச்சர்டு சிக்மாண்டி 1925-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார். 1951-இல் டர்கெவிச்சும் உடன் பணியாற்றியோரும் சிட்ரேட் உப்பைக் கொண்டு ஏறத்தாழ 20 நானோமீட்டர் துகள்களைச் சீராகத் தயாரிக்கும் முறையை வெளியிட்டனர். பல கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் அம்முறையே முதற்பாடம்.

நாணயம் சுண்டி நடந்த சோதனை

மருத்துவம் இதற்கிடையில் வேறு பாதையில் சென்றது. தங்கச் சயனைடு காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக் குழாயில் தடுப்பதை 1890-இல் இராபர்ட் கோக் தெரிவித்தார். அதனைத் தொடர்ந்து தங்க உப்புகளை நோயாளிகளுக்கு ஊசியாகப் போடும் வழக்கம் பரவியது. 1924-இல் டென்மார்க்கின் மோல்கார்டு ‘சானோகிரைசின்’ என்ற தங்க உப்பைக் காசநோய்க்கு முன்வைத்தார். மருத்துவர் பலர் அதை விரைந்து ஏற்றனர்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆம்பர்சனும் அவரது உடன் பணியாளர்களும் இதைச் சோதித்தனர். நோய் நிலையில் ஒத்த 24 பேரை 12 பேர் கொண்ட இரு குழுக்களாகப் பிரித்தனர். எந்தக் குழுவுக்குத் தங்க ஊசி என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர். மற்றக் குழுவுக்கு வெறும் வாலைவடி நீர் ஊசியாகப் போடப்பட்டது. எது தமக்கு வந்தது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. 1931-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. தங்கத்தால் நன்மை இல்லை, தீங்கு உண்டு. தற்செயல் முறையில் குழு பிரித்து நடந்த தொடக்ககால மருத்துவச் சோதனைகளுள் ஒன்றாக அது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

தஞ்சை மாவட்டத்தில் செங்கிப்பட்டியும் சென்னையை அடுத்த தாம்பரமும் காசநோய் மருத்துவமனைகளால் அறியப்பட்ட ஊர்கள். அவற்றில் தங்கியிருந்து சிகிச்சை பெறும் முறையை மாற்றியது 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையத்தின் ஒப்பீட்டுச் சோதனை. முறையான மருந்து கிடைத்தால் வீட்டில் இருந்தபடியே குணமடையலாம் என்பதை அதன் 1959-ஆம் ஆண்டு அறிக்கை நிறுவியது. பொன்னால் ஆகாததை, விலை குறைந்த மாத்திரைகளும் கவனமான சோதனையும் செய்து முடித்தன.

மூட்டுவாத நோயில் மட்டும் தங்க உப்புகளுக்கு நெடுங்காலம் இடம் இருந்தது. பிரான்சின் ஃபோரெஸ்டியே 1929-இல் அப்பயனை எடுத்துரைத்தார். வாய்வழி உட்கொள்ளும் ‘அரானோஃபின்’ 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஒளியைப் பிடிக்கும் துகள்

ஒளியையே மருந்தாக்கும் முயற்சி தனியாக வளர்ந்து வந்தது. தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் பின்சன் 1903-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். அக்ரிடின் என்ற சாயம் கலந்த நீரில் உள்ள நுண்ணுயிர்கள் ஒளி பட்டதும் மடிவதை மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் கண்டறிந்து 1900-இல் வெளியிட்டார். ஒளி, சாயம், ஆக்சிசன் மூன்றும் கூடிச் செயல்படும் அம்முறை ஒளியியக்கச் சிகிச்சை எனப் பெயர் பெற்றது. சாயத்துக்குப் பதிலாகத் தங்கம் வந்தபோது இரு வரலாறுகளும் ஒன்றாயின.

தங்கத்தில் எளிதில் நகரும் எலக்ட்ரான்கள் உள்ளன. துகள் மிகச் சிறியதாக இருக்கும்போது, பொருத்தமான அலைநீள ஒளி பட்டதும் அவை அனைத்தும் ஒருசேர முன்னும் பின்னும் அசைகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு பெருகுவது போன்ற நிகழ்வு இது. இந்தக் கூட்டசைவுக்குப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று பெயர். பிடிபட்ட ஒளியாற்றல், ஒரு வினாடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் வெப்பமாகத் தொடங்குகிறது.

அளவை உணர ஓர் ஒப்பீடு உதவும். 5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் அரிசியின் நீளத்துக்கு 50 நானோமீட்டர் துகள்களை வரிசையாக வைக்க ஒரு லட்சம் துகள்கள் வேண்டும். ஒரு கிராம் தங்கத்தை அத்தகைய கோளங்களாக்கினால் ஏறத்தாழ 800 லட்சம் கோடி துகள்கள் கிடைக்கும்.

20 நானோமீட்டர் கோளம் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியைப் பிடிக்கும். அந்த ஒளி தோலைத் தாண்டி உள்ளே செல்வதில்லை. குருதியும் தசையும் ஓரளவு வழிவிடுவது ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளிக்குத்தான். துகளை அந்த ஒளியைப் பிடிக்கச் செய்ய அதன் வடிவத்தை மாற்ற வேண்டும். நீளம் அகலத்தைப் போல் நான்கு மடங்கு உள்ள தங்க நானோ தண்டு 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைப் பிடிக்கிறது. சிலிக்கா உருண்டையின்மேல் மெல்லிய தங்க ஓடு போர்த்திய ‘நானோ கூடு’ம் அவ்வாறே. கான்ஸ் 1912-இல் எழுதிய கணிதம் ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து மருத்துவத்துக்குப் பயன்பட்டது.

இதே பண்பு நோயறிதலிலும் உதவுகிறது. கருவுற்றதை உறுதி செய்யும் அட்டைகள் பலவற்றில் தோன்றும் சிவப்புக் கோடு, ஃபாரடே கண்ட அதே தங்கக் கூழ்மத்தின் நிறம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த ச. வெ. இராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் மிக மங்கலானது. தங்க, வெள்ளி நானோ பரப்புகளின் அருகில் அச்சிதறல் பன்மடங்கு பெருகுவதால், மிகச் சிறு அளவில் உள்ள மூலக்கூறுகளையும் அடையாளம் காண முடிகிறது.

புற்றுநோய்க்கு எதிராக

2003-இல் ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் ஆகியோரின் குழு, நானோ கூடுகளை ஏற்ற மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களை அண்மை அகச்சிவப்பு லேசரால் அழித்துக் காட்டியது. அடுத்த ஆண்டு வெளியான சோதனையில், கூடுகள் செலுத்தி லேசர் காட்டிய எலிகளின் கட்டிகள் மறைந்தன. கட்டியின் குருதிக் குழாய்கள் செம்மையற்று ஓட்டை நிறைந்தவை. அதனால் குருதியில் செலுத்தப்படும் துகள்களில் ஒரு பகுதி கட்டியில் கசிந்து தேங்குகிறது. அவ்விடத்தில் மட்டும் ஒளியைக் காட்டினால் அவ்விடம் மட்டும் சூடாகிறது.

2006-இல் முஸ்தஃபா எல்-சையது குழுவினர் தங்க நானோ தண்டுகளைக் கொண்டு வாய்ப் புற்றுநோய் உயிரணுக்களை ஆராய்ந்தனர். புற்றுநோய் உயிரணுவின் மேல் மிகுந்துள்ள ஒரு புரதத்தை நாடும் எதிர்ப்பொருளைத் தண்டுகளின்மேல் பொருத்தினர். இயல்பான உயிரணுவை அழிக்கத் தேவைப்பட்ட லேசர் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியே புற்றுநோய் உயிரணுவை அழிக்கப் போதுமாக இருந்தது.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் வழக்கம் வேரூன்றிய காவிரிப் படுகைக்கு இந்த ஆய்வு நெருக்கமானது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், பாக்கு மட்டுமே மெல்வதும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. வாய்ப் புற்று பெரும்பாலும் கண்ணால் காணக்கூடிய, ஒளி எட்டக்கூடிய இடத்தில் தோன்றுகிறது. ஒளி சார்ந்த சிகிச்சை என்றேனும் நடைமுறைக்கு வருமானால் முதலில் பயன்பெறக்கூடிய நோய்களில் அதுவும் ஒன்று. அதுவரை, பழக்கத்தை விடுவதும் ஆறாத வாய்ப்புண்ணைக் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுவதும் உறுதியான காப்பு.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் குறிப்பிடத்தக்கது நியூயார்க்கில் விந்துசுரப்பிப் புற்றுநோயாளிகளிடம் நானோ கூடுகளைக் கொண்டு செய்யப்பட்டது. 2019-இல் வெளியான அறிக்கையின்படி 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சை வெற்றிகரமாகச் செய்து முடிக்கப்பட்டது. சிறுநீர், பாலுறவுச் செயல்பாடுகளில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை. ஒப்பிட வேறு குழு இல்லாத, சிறிய தொடக்க நிலைச் சோதனை இது. டெட்ராய்ட் சோதனை போன்ற ஒப்பீடு இன்னும் செய்யப்பட வேண்டியதாக உள்ளது.

பாக்டீரியாக்களுக்கு எதிராக

2010-இல் ‘என்.டி.எம்.-1’ என்ற நொதியைச் சுமந்த பாக்டீரியாக்கள் பற்றிய ஆய்வு லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியானது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. பிற ஆன்டிபயாடிக்குகள் தோற்ற பின்னர் கைகொடுக்கும் கார்பாபெனம் மருந்துகளையும் செயலிழக்கச் செய்வது அந்நொதி. சென்னையில் திரட்டிய 44 மாதிரிகளில் அது காணப்பட்டது. 2012-இல் மருத்துவ அமைப்புகள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ என்ற செயல்திட்டத்தை வெளியிட்டன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் 2019-இல் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் இறப்புகளுக்கு நேரடிக் காரணம் என்று 2022-இல் லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

இச்சூழலில் ஒளியும் தங்கமும் கவனம் பெறக் காரணம் அவை செயல்படும் முறை. ஆன்டிபயாடிக் ஒரு குறிப்பிட்ட நொதியையோ சுவரையோ தாக்குகிறது. அந்த ஒன்றை மாற்றிக்கொண்ட பாக்டீரியா தப்பிவிடுகிறது. சூடேறிய தங்கத் துகள் உயிரணுவின் சவ்வையும் புரதங்களையும் ஒருசேரச் சிதைக்கிறது. அதிலிருந்து தப்பும் வழியைப் பாக்டீரியா உருவாக்குவது கடினம் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

2006-இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் சாரோவ் குழுவினர், 10 முதல் 40 நானோமீட்டர் தங்கத் துகள்களை எதிர்ப்பொருள் வழியாக ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் ஒட்டச் செய்து, லேசர் துடிப்புகளால் அவற்றை அழித்தனர். 2008-இல் தங்க நானோ தண்டுகளைக் கொண்டு சூடோமோனாஸ் ஏருஜினோசாவை அழித்த ஆய்வு வெளியானது. தீக்காயங்களிலும் நாட்பட்ட புண்களிலும் தொல்லை தருபவை இவ்விரண்டும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் குழு வேறொரு வழியை 2020-இல் காட்டியது. 25 தங்க அணுக்கள் மட்டுமே கொண்ட கொத்துகளையும் கிரிஸ்டல் வயலட் சாயத்தையும் ஏற்றிய பாலிமர் பரப்பு, அறையில் எரியும் விளக்கின் அளவே உள்ள மங்கலான வெள்ளை ஒளியில் பாக்டீரியாக்களைக் கொன்றது. இங்கே கொல்வது வெப்பம் அன்று, வினைத்திறன் மிகுந்த ஆக்சிசன் வகைகள். சிறுநீர்க் குழாய், கதவுக் கைப்பிடி போன்ற பரப்புகளுக்கு லேசர் தேவைப்படாத இம்முறை பொருந்தக்கூடும்.

இந்தியாவிலும் தஞ்சையிலும்

இந்திய அரசு 2001-இல் நானோ அறிவியல் முனைப்பையும் 2007-இல் நானோ மிஷனையும் தொடங்கியது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் 2004-இல் எலுமிச்சைப்புல் சாற்றைக் கொண்டு முக்கோண வடிவத் தங்க நானோ தகடுகளை உருவாக்கினர். அவை அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பிடித்தன. அதன்பின் இலைச் சாற்றால் தங்கத் துகள் செய்யும் ஆய்வு தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பரவலாயிற்று.

தஞ்சாவூர்–திருச்சி சாலையில் திருமலைசமுத்திரத்தில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான சாஸ்த்ராவில், நானோ தொழில்நுட்பத்துக்கும் மேம்பட்ட உயிரிப்பொருட்களுக்குமான மையம் இயங்குகிறது. சுவாமிநாதன் சேதுராமன், உமா மகேஸ்வரி கிருஷ்ணன் ஆகியோர் அம்மையத்தின் ஆய்வுகளில் முன்னின்றவர்கள். திசுப் பொறியியலும் மருந்தை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் நுண்துகள்களும் அதன் முதன்மைத் துறைகள். நானோ துகள் உடலில் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்ற கேள்வியைக் காவிரிப் படுகையிலேயே கற்று ஆராய இதனால் வழி ஏற்பட்டது.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அரவிந்த் குமார் ரெங்கன், ரோகித் ஸ்ரீவாஸ்தவா உள்ளிட்டோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் முக்கியமான சிக்கல் ஒன்றை நோக்கியது. கொழுப்பாலான நுண்குமிழின்மேல் அவர்கள் தங்கத்தைப் படியச் செய்தனர். லேசர் பட்டுக் கட்டியை அழித்த பின் அத்துகள் சிறு துண்டுகளாக உடைந்து, உடலை விட்டு வெளியேறக்கூடியதாக இருந்தது. இது எலிகளிடம் காட்டப்பட்ட முடிவு.

எஞ்சியுள்ள தடைகள்

முதல் தடை ஒளியின் ஆழம். அண்மை அகச்சிவப்பு ஒளியும் உடலுக்குள் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரையே பயனுள்ள அளவில் செல்கிறது. ஆழத்தில் உள்ள கட்டிக்கு ஒளியிழையை உள்ளே செருக வேண்டும்.

இரண்டாவது தடை பொன்னின் அழியாத்தன்மை. ஹாலேயிலும் தஞ்சையிலும் சிறப்பாகக் கருதப்பட்ட அதே பண்பு இங்கே கவலையாகிறது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றக்கூடிய அளவு ஏறத்தாழ 6 நானோமீட்டருக்கும் கீழே. அதைவிடப் பெரிய துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் மாதக்கணக்கில் தங்கலாம்.

மூன்றாவது தடை செலவு. சிகிச்சைக்கு வேண்டிய தங்கத்தின் அளவு சிறிது. லேசர் கருவி, வழிகாட்டும் படமெடுப்பு, பயிற்சி பெற்ற மருத்துவர், ஒவ்வொரு முறையும் ஒரே அளவும் வடிவமும் மாறாத துகளைத் தயாரிக்கும் கட்டுப்பாடு ஆகியவையே விலை மிகுந்தவை. 1959-இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் காவிரிப் படுகையின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அங்கே வரும் உழவர் குடும்பத்துக்கு எட்டும் விலையில் அமையாத சிகிச்சை, ஆய்விதழில் வெற்றி பெற்றாலும் நாட்டுக்கு உதவியதாகாது. நகையை அடகு வைத்து நடவு செய்யும் ஊரில், பொன் மருந்து என்ற சொல்லே செலவுக்கு ஆயத்தமாகச் செய்துவிடும் ஆபத்தும் உண்டு. ‘நானோ தங்கம்’ என்ற பெயரில் விற்கப்படும் எதையும் நம்பி, மெய்ப்பிக்கப்பட்ட புற்றுநோய்ச் சிகிச்சையை ஒத்திப்போடுவது உயிருக்கே கேடாகலாம். தங்கத்தைக் கொண்டு செய்யும் ஒளிவெப்பச் சிகிச்சை பொது மருத்துவ வழக்கத்துக்கு இன்னும் வரவில்லை.

மதிப்பீடு

பொன்னின் மருத்துவ வரலாற்றில் ஒவ்வொரு காலமும் தனக்கென ஒரு காரணத்தை முன்வைத்தது. பற்பத்தின் காலத்தில் அக்காரணம் அழியாத்தன்மை. தங்க உப்பின் காலத்தில் சோதனைக் குழாயில் மடிந்த கிருமி. இன்று அது எலக்ட்ரான்களின் கூட்டசைவு. முதல் காரணம் நம்பிக்கையாகவே நின்றது. இரண்டாவது, நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது தோற்றது. மூன்றாவது, இயற்பியலில் உறுதியானது. ஆனால் நோயாளியிடம் அதன் பயன் இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை.

தஞ்சைக் கோயிலுக்கு வந்த பொன், ஆடவல்லான் என்ற கல்லால் நிறுக்கப்பட்ட பின்னரே கல்லில் ஏறியது. மருத்துவத்தில் அந்த எடைக்கல்லின் இடத்தை ஒப்பீட்டுச் சோதனை பெறுகிறது. ஒளியால் தூண்டப்படும் தங்கம் அந்த நிறைக்கு இப்போதுதான் வைக்கப்பட்டுள்ளது.